அக்காவுக்குக் கண்ணான தங்கை



மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சின்னஞ்சிறு வீடு. சுற்றிலும் அடர்ந்த காடு. வெளியே பனி கொட்டுகிறது. விடியற்காலையில் புல் நுனியில் முத்துப் போல நிற்குமே, அந்தப் பனி அல்ல இது. பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வானத்திலிருந்து விழுந்து, வாசற்படியையே மூடிவிடும் வெண்பனி.

வீட்டுக்குள்ளே கணப்பு அடுப்பு எரிகிறது. அதன் அருகில் அம்மா தையல் வேலை செய்கிறார். அப்பா வயலினை எடுத்து வாசிக்கிறார். கறுப்பு சூசன் என்ற பூனை கதகதப்பாகச் சுருண்டு படுத்திருக்கிறது. அந்தப் பூனை வந்து போவதற்கென்றே வாசல் கதவின் அடியில் தனியாக ஒரு துவாரம் உண்டு! அக்கா, தங்கை இருவரும் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். தங்கையிடம் முதலில் இருந்தது, மக்காச்சோளக் கதிரின் தக்கையில் கைக்குட்டையைச் சுற்றிச் செய்த பொம்மைதான். பிறகு ஒரு கிறிஸ்துமஸ் நாளில், கறுப்புப் பொத்தான்களைக் கண்களாக வைத்துத் தைத்த துணிப் பொம்மை கிடைத்தது. அன்று அவளுக்கு உலகமே கைக்குள் வந்தது போலிருந்தது.

இந்தக் காட்சிகளையெல்லாம் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் அந்தத் தங்கையேதான். அவர் பெயர் லாரா இங்கால்ஸ் வைல்டர். அமெரிக்கக் குழந்தைகள் விரும்பிப் படித்த நூல்களை எழுதியவர். அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு என்ன வயது தெரியுமா? 65!

அத்தனை வயதுக்குப் பிறகு எழுத வந்தவருக்கு, ஆறு வயதில் பார்த்த பூனையும் பொத்தான் கண்ணும் எப்படி நினைவில் நின்றன? அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் மேரி. அவருடைய அக்கா. வாருங்கள், அந்தக் கதையைத் தெரிந்துகொள்வோம்.

ஊர் ஊராகச் சென்ற குடும்பம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெப்பின் என்ற ஊருக்கு அருகில் 1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் லாரா பிறந்தாள். அப்பா பெயர் சார்லஸ். அம்மா பெயர் கரோலின். திருமணத்துக்கு முன்பு அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அக்கா மேரி இரண்டு வயது மூத்தவள். பின்னர் கேரி, கிரேஸ் என்று இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். நடுவில் பிறந்த ஒரே தம்பி, ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டான்.

நல்ல நிலம் கிடைக்கும், நன்றாக விளையும் என்ற நம்பிக்கையில் அப்பா குடும்பத்தை மூடிய குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்தார். கன்சாஸ் சென்றார்கள், திரும்பி வந்தார்கள். பிறகு மினசோட்டாவுக்குப் போய் கோதுமை விதைத்தார்கள். பயிர் நன்றாக வளர்ந்து நின்ற வேளையில், சூரியனை மறைக்கும் மேகம் போல வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. ஒரு பச்சை இலைகூட மிச்சமில்லை. கடனை அடைக்க அப்பா வெகுதூரம் சென்று, பிறர் வயலில் அறுவடைக்கூலி வேலை செய்தார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய துன்பம் 1879-ஆம் ஆண்டு வந்தது. 14 வயது மேரி கடுமையான காய்ச்சலில் விழுந்தாள். பல நாட்கள் படுக்கையில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள், ஆனால் பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் காரணம் சரியாகத் தெரியவில்லை. மூளையையும் அதைச் சுற்றியுள்ள உறையையும் தாக்கும் ஒரு வைரஸ் நோயாக இருந்திருக்க வேண்டும் என்று, பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்த மருத்துவர்கள் 2013-ஆம் ஆண்டில் தெரிவித்தார்கள்.

மேரி படிப்பில் கெட்டிக்காரி. அம்மாவைப் போல ஆசிரியை ஆக வேண்டியவள். அவளுடைய உலகம் ஒரே காய்ச்சலில் இருண்டுபோயிற்று.

கண்ணாக இருப்பது எப்படி?

இனி மேரிக்கு நீதான் கண்ணாக இருக்க வேண்டும் என்று அப்பா லாராவிடம் சொன்னார். லாராவுக்கு அப்போது 12 வயது.

கண்ணாக இருப்பது என்றால் என்ன, குழந்தைகளே? கையைப் பிடித்து அழைத்துச் செல்வது மட்டுமா? இல்லை. தான் பார்ப்பதையெல்லாம் அக்கா பார்க்கும்படி வார்த்தைகளில் சொல்ல வேண்டும். அந்த ஆண்டே குடும்பம் டகோட்டா என்னும் பகுதிக்குப் புறப்பட்டது. வழிநெடுக லாரா சொல்லிக்கொண்டே வந்தாள். ரயில் பெட்டியின் இருக்கை என்ன நிறம், எதிரே இருப்பவர் எப்படி உடுத்தியிருக்கிறார், வானம் எங்கே சிவக்கிறது, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

அது எளிதான வேலை அல்ல. மேரி சும்மா கேட்டுக்கொள்ள மாட்டாள். தவறு என்று பட்டால் திருத்துவாள். ஒருமுறை, சாலை புல்வெளியில் போய் முடிந்துவிடுகிறது என்று லாரா சொன்னாளாம். அது எப்படி முடியும், நாம் போக வேண்டிய ஊர்வரை சாலை போகத்தானே வேண்டும் என்று மேரி மறுத்தாளாம். லாராவின் கண்ணுக்கு முடிவது போலத் தெரிந்தது உண்மை. சாலை முடியவில்லை என்பதும் உண்மை. பார்த்ததைப் பார்த்தபடி, அதே சமயம் கேட்பவருக்குக் குழப்பம் வராதபடி சொல்ல லாரா இப்படித்தான் பழகினாள்.

மேரியும் சோர்ந்து உட்காரவில்லை. பார்வை இல்லாமலே தைத்தாள். கிழிந்துபோன பழைய கம்பளித் துணிகளை அம்மா கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு பெட்டியில் போட்டுக் கொடுப்பார். எந்தப் பெட்டியில் எந்த நிறம் என்பதை மேரி மனத்தில் வைத்துக்கொள்வாள். கீற்றுகளை இணைத்துத் தைத்து, சடை போலப் பின்னி, தரைவிரிப்பு செய்துவிடுவாள். நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் நினைவால் பார்த்தாள்!

ரயில் வராத குளிர்காலம்

டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற புதிய ஊரில் குடும்பம் குடியேறியது. இன்று அது தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ளது. அப்போது ஊரில் இருந்தவர்கள் மொத்தமே சுமார் 80 பேர்தான். அரிசி, மாவு, நிலக்கரி, மண்ணெண்ணெய் எல்லாமே ரயிலில்தான் வர வேண்டும்.

1880-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே பனிப்புயல் வந்துவிட்டது. ஏழு மாதம் கடும்பனி இருக்கும் என்று அந்த மண்ணின் பழங்குடி முதியவர் ஒருவர் கடைக்கு வந்து எச்சரித்துவிட்டுப் போனதாக லாரா எழுதியிருக்கிறார். அதைக் கேட்ட அப்பா, வயல்வெளியில் இருந்த மெல்லிய பலகைக் குடிசையை விட்டுக் குடும்பத்தை ஊருக்குள் இருந்த தம் கட்டடத்துக்கு மாற்றினார்.

புயல்மேல் புயலாக வந்தது. மேடான இடங்களில் மண்ணை வெட்டி, அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளங்களைப் பனி நிரப்பிவிட்டது. ஆட்கள் மண்வாரியால் நாள்கணக்கில் அள்ளினார்கள். அள்ளி முடிப்பதற்குள் அடுத்த புயல் வந்து மறுபடி நிரப்பியது. 1881 ஜனவரியில் ரயில் அடியோடு நின்றுபோனது. மறுபடி வந்தது மே மாதத்தில்தான்!

நிலக்கரி தீர்ந்தது. அப்பாவும் லாராவும் உலர்ந்த புல்லைப் பிரி பிரியாக இறுக்கி முறுக்கி, விறகு போல எரித்தார்கள். மாவு தீர்ந்தது. காப்பிக்கொட்டை அரைக்கும் சிறிய கைமிஷினில் கோதுமையை அரைத்தார்கள். ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவு சேர வெகுநேரம் பிடிக்கும். அதனால் வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேரியும் சுற்றினாள். மண்ணெண்ணெய் தீர்ந்தது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிறு துணியில் பொத்தானை வைத்து நூலால் கட்டினார். மேலே நின்ற துணியை முறுக்கித் திரியாக்கினார். ஒரு தட்டில் வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மசகை வைத்து, அதில் அதை நிறுத்தி ஏற்றினார். பொத்தான் விளக்கு தயார்!

வீட்டில் கோதுமையும் தீரும் நிலை வந்தது. அதே தெருவில் அல்மான்சோ வைல்டர் என்ற இளைஞர் தம் அண்ணனுடன் இருந்தார். விதைக்கோதுமையை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, அறைக்குள் இன்னொரு பலகைச் சுவரை எழுப்பி அதன் பின்னே மறைத்து வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்க்கும் நீளத்துக்கும் உள்ளே இருக்கும் நீளத்துக்கும் வித்தியாசம் இருப்பதை லாராவின் அப்பா கவனித்துவிட்டார். நேராகப் போய்ச் சுவரில் இருந்த அடைப்பை எடுத்தார், கோதுமை கொட்டியது! அதற்கு உரிய பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். உற்றுப் பார்க்கும் பழக்கம் லாராவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா?

பிறகு ஊரே பட்டினியை நெருங்கியது. அல்மான்சோவும், கேப் கார்லண்ட் என்ற நண்பரும் உயிரைப் பணயம் வைத்தார்கள். புயலுக்கும் புயலுக்கும் இடையே கிடைத்த அவகாசத்தில், பனிவெளியைக் கடந்து போனார்கள். எங்கோ ஒரு விவசாயியிடம் கோதுமை வாங்கிப் பனிச்சறுக்கு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அந்த மாதங்களில் ஜன்னல் கண்ணாடியையும் பனி மூடிவிட்டது. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவின் விரல்கள் குளிரில் விறைத்து, வயலின்கூட ஓய்ந்துபோனது. காதில் விழுந்தது காற்றின் ஊளை மட்டுமே. அப்போது மேரியின் இருட்டு எப்படி இருக்கும் என்பது லாராவுக்கும் கொஞ்சம் புரிந்திருக்கும், இல்லையா?

காஜா தைத்த காசு

மே மாதம் ரயில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வர வேண்டிய பரிசுப் பீப்பாயும் அப்போதுதான் வந்தது. மே மாதத்திலே கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது!

பனி போனது, எலிகள் வந்தன. ஓர் இரவு அப்பா தூங்கும்போது ஓர் எலி அவர் தலைமுடியைக் கடித்து வெட்டிவிட்டதாம். புதிதாக உருவான அந்தப் பகுதியில் பூனைக்குப் பெரும் தட்டுப்பாடு. அப்பா 50 சென்ட் கொடுத்து ஒரு பூனைக்குட்டியை வாங்கிவந்தார். கண் விழித்தும் விழிக்காத குட்டி. அது தன் அளவே இருந்த ஓர் எலியுடன் கட்டிப் புரண்டு சண்டை போட்டு ஜெயித்ததை லாரா ஆசையாக எழுதியிருக்கிறார்.

அந்த 50 சென்ட் எவ்வளவு பெரிய தொகை என்பது லாராவுக்கு விரைவிலேயே தெரிந்தது. அயோவா மாநிலத்தில் வின்டன் என்ற ஊரில் பார்வையற்றோருக்கான கல்லூரி ஒன்று இருந்தது. மேரியை அங்கே அனுப்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய கனவு. படிப்புக்கான கட்டணத்தை டகோட்டா அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் உடைகளுக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டுமே!

லாரா சட்டை தைக்கும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க வேலை. கூலி 25 சென்ட். மதியச் சாப்பாடு உண்டு. ஒரு பூனைக்குட்டி வாங்க இரண்டு நாள் தைக்க வேண்டும், பாருங்கள்! லாராவுக்குத் தையல் என்றாலே பிடிக்காது. திறந்த வெளியில் ஓடித் திரிவதுதான் பிடிக்கும். சட்டையில் காஜா தைப்பது அதைவிடப் பிடிக்காது. பிடிக்காத வேலையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்றே வேகமாகத் தைத்துப் பழகினாள். அதனாலேயே காஜா தைப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள்! ஆறு வாரத்தில் ஒன்பது டாலர் சேர்ந்தது. அத்தனையையும் மேரியின் படிப்புக்கே கொடுத்தாள்.

1881-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மேரி கல்லூரிக்குச் சென்றாள். அங்கே பிரெய்ல் எழுத்து, இசை, தையல், மணி கோத்தல் எல்லாம் கற்றாள். 1889-ஆம் ஆண்டு படிப்பை முடித்தாள். லாராவும் 18 வயது நிறைவதற்கு முன்பே கிராமப் பள்ளி ஆசிரியை ஆகி, அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு உதவினாள். மேரி ஆக வேண்டிய ஆசிரியை வேலையை, அவளுக்குப் பதிலாக லாரா செய்தாள்.

அக்கா இல்லாத வீடு

1885-ஆம் ஆண்டு லாரா, கோதுமை கொண்டுவந்த அதே அல்மான்சோவை மணந்தார். அடுத்த ஆண்டு ரோஸ் என்ற மகள் பிறந்தாள். பிறகு சோதனைகள் தொடர்ந்தன. பயிர் பொய்த்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குப் பிறகு கணவருக்குக் கால்கள் பலவீனமாயின. பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. வீடும் தீப்பிடித்து எரிந்தது. 1894-ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தில் மேன்ஸ்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, ராக்கி ரிட்ஜ் என்ற பண்ணையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கினார்கள். 1911 முதல் விவசாயப் பத்திரிகை ஒன்றில் லாரா கட்டுரைகள் எழுதினார்.

அவர் அம்மா 1924-இல் காலமானார். மேரி 1928-இல் காலமானார். சிறுவயது வீட்டை நினைவில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தாமும் சொல்லாவிட்டால் எல்லாமே மறைந்துவிடும் என்று லாராவுக்குத் தோன்றியது. கோடு போட்ட நோட்டுகளில் பென்சிலால் தம் வாழ்க்கையை எழுதினார். பதிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர் விடவில்லை. எழுத்தாளராகியிருந்த மகள் ரோஸ் திருத்தி உதவ, குழந்தைகளுக்கான கதையாக மாற்றி எழுதினார். அதுதான் 1932-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம். 1943-க்குள் எட்டுப் புத்தகங்கள் வந்தன. பனிக்காலக் கதை 1940-இல் வந்தது. பதிப்பாளர்கள் வேண்டாம் என்ற அந்த முதல் பென்சில் பிரதியும் 2014-இல் நூலாயிற்று.

அந்தப் புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காட்டிக்கொண்டே வருவது போல இருக்கும். இருக்காதா பின்னே? பார்க்க முடியாத ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் காட்டிப் பழகியவர் அல்லவா! ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட மேரி கேட்கவில்லை. முதல் புத்தகம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவர் போய்விட்டார்.

லாரா பார்க்கத் தவறியது

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். லாராவின் குடும்பம் கன்சாஸில் வீடு கட்டிய நிலம், ஒசேஜ் என்ற பழங்குடி மக்களுக்கு உரியது. அந்த மக்கள் பிறகு அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. லாராவின் கதைகளில் பழங்குடி மக்களைத் தாழ்வாகக் காட்டும் இடங்கள் இருக்கின்றன. 1954-இல் அமெரிக்க நூலகர்கள் அவர் பெயரில் குழந்தை இலக்கிய விருது ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தக் காரணத்தால் 2018-இல் அதன் பெயரை மாற்றிவிட்டார்கள்.

பூனைக்குட்டியையும் பொத்தானையும் அத்தனை நுட்பமாகப் பார்த்த கண்ணுக்கு, நிலத்தை இழந்தவர்களின் துயரம் சரியாகத் தெரியவில்லை. நாம் படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லாரா 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், தம் 90-ஆவது பிறந்தநாளுக்கு மூன்றாம் நாள், ராக்கி ரிட்ஜ் வீட்டிலேயே காலமானார்.

குழந்தைகளே, இன்று மாலை ஒரு சிறு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். தம்பியையோ தங்கையையோ கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். மரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன மரம், எந்தக் கிளை அசைகிறது, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று சொல்லுங்கள். பிறகு அவர்கள் கண்ணைத் திறந்து, நீங்கள் விட்டவை என்னென்ன என்று சொல்லட்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மேரி திருத்தியபோது லாரா கேட்டுக்கொண்டாளே, அது போல!